கூடியிருந்து தனித்திருத்தல்

தியானம் உள்ளத்தின் தொழில். உள்ளமோ ஒருவருக்கு ஒன்றே. அங்ஙனமாயின், தியானஞ் செய்வதற்குப் பலர் ஓரிடத்திற் கூடுவது எதற்காக? தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவன் தனியே பெறவியலாத எதனைக் கூட்டம் அவனுக்கு அளிக்கின்றது?

யப்பானிய சென் பௌத்தம் இவ்வினாவைச் சிந்திக்கத் துணைசெய்கின்றது. 1244இல் எயிஹெய்ஜி மடத்தை நிறுவிய டோகன் என்னும் துறவியின் மரபில், தியானிப்போர் ஒரே மண்டபத்தில் அருகருகே அமர்வர். எனினும் ஒவ்வொருவரும் சுவரையே நோக்கியிருப்பர். கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில், இயேசு சபையைச் சேர்ந்த அமா சாமி அடிகளார் 1996இல் நிறுவிய 'போதி செந்தோ' என்னும் நிலையத்திலும் பல சமயத்தவர் இவ்வாறு மௌனமாகக் கூடியமர்கின்றனர்.

கல்முனைக் கரையோரத்தில் வளர்ந்த எமக்கு இக்காட்சி முற்றிலும் அந்நியமானதன்று. தொழுகையில் நாம் தோளோடு தோள் சேர ஸஃப்புகளில் நிற்கின்றோம். ஆயினும் எவரும் எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. ரமழானின் கடைசிப் பத்து நாட்களில் இஃதிகாஃப் இருப்போர் உலகை விட்டு ஒதுங்குவதும் காட்டுக்கன்று, ஊரின் நடுவேயுள்ள பள்ளிவாசலுக்கேயாம். சென் தியானமும் இறைவணக்கமும் ஒன்றெனக் கூறுவது என் நோக்கமன்று. அவற்றின் இலக்குகள் வேறு. கூடியிருந்தும் தனித்திருக்கும் அமைப்பு ஒன்றே இரண்டிற்கும் பொது.

கூட்டத்திற் செய்யும் நற்செயலுக்கு ஓர் ஆபத்துண்டு. பிறர் காணவேண்டும் என்பதற்காக வணங்கும் முகஸ்துதியை நபிமொழி சிறிய இணைவைப்பு என எச்சரிக்கின்றது. அவ்வாறாயின் தனிமையன்றோ பாதுகாப்பானது? இவ்வாட்சேபம் வலிதே. ஆனால், தனிமைக்கும் தன் குறையுண்டு. தனியே அமர்ந்திருக்கும்போது கால் வலித்தால் எழுந்துவிடுகின்றேன், எவருக்கும் இழப்பில்லை. மண்டபத்தில் நான் அசைந்தால் அயலவரின் அமைதி கலைகின்றது. எனவே அங்கே என் பொறுமை எனக்கு மட்டும் உரிய குணமாக நில்லாது, அயலவருக்கு நான் அளிக்கும் கொடையாகின்றது. அவரும் அதனையே எனக்கு அளிக்கின்றார். கொடுத்தவர் இன்னாரென ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆகவே, கூட்டத்தின் பயன் பிறர் கண்களில் இல்லை. அவர்தம் அருகாமையில் உள்ளது. எந்தக் குழு தன் அங்கத்தவருள் யார் வந்தார், யார் வரவில்லை, யார் நெடுநேரம் அமர்ந்தார் எனக் கணக்கெடுக்கத் தொடங்குகின்றதோ, அது சுவரை விட்டு முகங்களை நோக்கத் திரும்பிவிட்டது என்க. கூட்டு திக்ர் தகுமா தகாதா என எமது ஊர்களில் எழும் வாதங்களிலும், வாதிடும் இரு சாராரும் இவ்வளவுகோலை முதலில் தம்மீதே வைத்துப் பார்த்தல் நன்று.

இப்பயிற்சி தியான மண்டபத்தோடு முடிவதன்று. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை மரணம் நுழையாத தெரு அரிது. அத்தகைய துயரத்தின் முன் எந்தச் சொல் ஆறுதலாகும்? மையித்து வீட்டில் நாம் செய்யக்கூடியது, ஒன்றும் பேசாது, எழுந்து போய்விடாது, அருகில் அமர்ந்திருப்பதேயாகும். அது எளிதன்று, பழகிய உள்ளத்துக்கே இயல்வது. அமைதியாய் அருகிருக்கப் பழகியவனே துயருற்றோர் அருகிலும் அமைதியாய் இருக்க வல்லவன். நாம் கூடியமர்வதன் நியாயம் அதுவே எனலாம்.