நோயை மறைத்துப் புனிதப் பயணம் போகலாமா?

ஹஜ்ஜுக்குப் புறப்படும் ஒருவர் நம் ஊரில் என்னென்ன செய்கிறார் என்பதை நாம் அறிவோம். கொடுக்க வேண்டிய கடன்களைக் கொடுத்துத் தீர்க்கிறார். உற்றார் உறவினர், அண்டை வீட்டார், கடைக்காரர் எல்லோரிடமும் சென்று, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்கிறார். வசிய்யத் எழுதி வைக்கிறார். வீட்டில் துஆ ஓதி, வந்தவர்களுக்குச் சோறு போட்டு அனுப்புகிறார். இவையெல்லாம் நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற நல்ல பழக்கங்கள். ஆனால் இந்தக் கடன்காரர் பட்டியலில் ஒருவரை மட்டும் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அவர் வேறு யாருமல்லர், நம்முடைய உடல்தான். உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர் ஒருவருக்கு எடுத்துரைத்ததை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். பயணம் என்று வரும்போது மட்டும் அது நம் நினைவுக்கு வருவதில்லை.

பயணத்துக்கு முன் நடைபெறும் மருத்துவப் பரிசோதனையில் தம் நோயை மறைக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. நெஞ்சுவலி வந்ததைச் சொல்வதில்லை. சாப்பிடும் மாத்திரைகளில் பாதியைச் சொல்லி, மீதியை விழுங்கிவிடுவார்கள். பிறரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. நம் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது. நம் வாப்பாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்தே சோற்றைக் குறைத்து, பாகற்காய்ச் சாறு குடித்து, சர்க்கரைக் கணக்கைச் சரிக்கட்டினார். பாதங்களில் உணர்ச்சி மங்கிவிட்டதை டாக்டரிடம் சொல்லவில்லை. பிள்ளைகளாகிய நமக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அதை அன்பு என்று நினைத்துக்கொண்டோம். மக்காவில் ஒரு நாள் லுஹருக்குப் பிறகு பள்ளி வாசலில் விட்ட செருப்பைக் காணாமல், வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்து விடுதிக்குத் திரும்பினார். கால் வெந்தது அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் கொப்புளத்தைப் பார்த்த பிறகே தெரிந்தது. அல்லாஹ்வின் அருளால் ஹஜ்ஜை முடித்து உயிரோடு திரும்பினார், இரண்டு கால் விரல்களை இழந்து. அவர் ஒருநாளும் யாரையும் குறை சொன்னதில்லை. நாம்தாம் நம்மைச் சொல்லிக்கொள்கிறோம்.

மறைப்பவர்கள் கெட்டவர்களல்லர். அவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. ஒவ்வொன்றையும் நேர்மையாக எடுத்துப் பார்ப்பது நம் கடமை.

முதலாவது, தவக்குல். அல்லாஹ்வின் விருந்தாளியை அல்லாஹ் பார்த்துக்கொள்வான், டாக்டர் யார் என்கிறார்கள். கேட்பதற்கு இது ஈமானின் உறுதிபோல் தோன்றும். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வை என்பதல்லவா நமக்குக் கிடைத்த போதனை? ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு வாக்கில் ஷாம் நாட்டில் அம்வாஸ் பிளேக் பரவியபோது நடந்ததைச் சிந்தித்துப் பாருங்கள். ஷாமை நோக்கிச் சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஸர்க் என்னும் இடத்தில் கொள்ளைநோய்ச் செய்தியைக் கேட்டுத் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியும் இருந்தால், ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது விதிப்படிதானே என்றும் விளக்கினார்கள். நோய் கொடுத்தவன் எவனோ அவனே மருந்தையும் படைத்தான். மருந்தை நாடுவதும் அவனை நாடுவதுதான். அதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும். தவக்குல் வைத்தவன் மறைப்பானேன்? உண்மையைச் சொல்லிவிட்டு, முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதல்லவா தவக்குல்? பொய் சொல்லி வாங்கிய அனுமதிச் சீட்டை நம்புவதற்கு அந்தப் பெயர் பொருந்துமா?

இரண்டாவது, அந்தப் புண்ணிய பூமியில் மௌத்தாவது பாக்கியம் என்பது. அங்கே ஒருவருக்கு மரணம் வந்தால், அது பாக்கியமே என்று நாமும் நம்புகிறோம். ஆனால் மரணம் வருவது வேறு, அதை நாமே அழைத்துக்கொள்வது வேறு. உங்களை நீங்களே அழிவில் தள்ளிக்கொள்ளாதீர்கள் என்பது அருள்மறையின் கட்டளை. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்து ஹஜ்ஜில் நடந்தது உலகம் அறிந்தது. மக்காப் பெரிய பள்ளியில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசாங்கம் அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள். நிழலும் தங்குமிடமும் இன்றி நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள். இறந்தோரில் முதியோரும் நாட்பட்ட நோயாளிகளும் இருந்தனர். அல்லாஹ் அவர்கள் அனைவரையும் பொருந்திக்கொள்வானாக! அவர்களைக் குற்றவாளிகளாக எண்ண நம் மனம் ஒப்பாது. ஏழ்மையும் ஏக்கமுமே அவர்களை அவ்வழியில் தள்ளின. ஆயினும், ஏற்பாடும் பாதுகாப்பும் ஒரு மனிதனின் உயிருக்கு எவ்வளவு இன்றியமையாதவை என்பதை அந்த மைய்யித்துகள் நமக்குச் சொல்லாமல் சொல்லவில்லையா?

மூன்றாவது காரணந்தான் நம் நெஞ்சைத் தொடுவது. எத்தனையோ காலம் காத்திருந்து கிடைத்த முறை, இது தவறினால் இனிமேல் ஏது என்பது. இந்நாட்டில் 1963இல் தொடங்கிய ஹஜ்ஜுச் சேமிப்புக் கழகமும், அதற்கு முன்பே பினாங்கில் இயங்கிவந்த ஹஜ்ஜு விவகார அலுவலகமும் 1969இல் ஒன்றாயின. அதுவே இன்றைய தாபோங் ஹாஜி. 2024ஆம் ஆண்டு மலேசியாவுக்குக் கிடைத்த இடங்கள் 31,600. பெயர் பதிந்தவர்களோ பல இலட்சம். பல பத்தாண்டுகள் வெள்ளி வெள்ளியாகச் சேர்த்த ஒரு பெரியவரிடம், உங்கள் இருதயம் தாங்காது என்று டாக்டர் சொன்னால், அந்த நெஞ்சு என்ன பாடுபடும்!

அவருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். ஹஜ்ஜு, சக்தி பெற்றவர் மீதே கடமை. பணம் மட்டும் சக்தியாகாது. உடலும் பாதையும் அதில் அடங்கும். இறுதி ஹஜ்ஜின்போது கஸ்அம் கோத்திரத்துப் பெண்மணி ஒருவர், வாகனத்தில் நிலையாக அமரவும் முடியாத தம் முதிய தந்தைக்காகத் தாம் ஹஜ்ஜுச் செய்யலாமா என்று கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி தந்தார்கள். தீராத நோயாளிக்குப் பிறர் செய்யும் பதல் ஹஜ்ஜை நம்மிடையே உள்ள ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபுகளும் ஏற்கின்றன. அதன் விவரங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. போக முடிந்தும் பலவீனமாக இருப்பவருக்கும் மார்க்கம் வழி வைத்திருக்கிறது. நோயுற்றிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்களை வாகனத்தில் அமர்ந்து தவாஃப் செய்யுமாறு நாயகம் (ஸல்) அவர்களே சொன்னார்கள். இன்று சக்கர நாற்காலியில் அமர்ந்து தவாஃப் செய்பவர் வெட்கப்பட என்ன இருக்கிறது? சலுகையை அளித்தவன் அல்லாஹ். அதை மறுத்து நம் வீரத்தை யாருக்குக் காட்டப் போகிறோம்?

இதுவரை சொன்னது தன்னுயிரைப் பற்றி. நோயை மறைப்பதில் பிறருடைய உரிமையும் இருக்கிறது. 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜில் காலரா பரவி, சுமார் 15,000 பேர் மடிந்ததாகக் கணக்கிட்டனர். திரும்பிச் சென்ற கப்பல்களோடு அந்நோய் எகிப்துக்கும் ஐரோப்பாவுக்கும் போயிற்று. அதன் விளைவாக 1866இல் கான்ஸ்டாண்டிநோபிளில் உலக நாடுகள் கூடிப் பேசின. பின்னர் செங்கடலில் உள்ள கமரான் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் எழுந்தது. கிழக்கிலிருந்து சென்ற ஹஜ்ஜுக் கப்பல்கள் அங்கே நின்று, பயணிகள் பரிசோதனைக்கு உட்பட வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டில் மூளைக்காய்ச்சல் கிருமியின் ஒரு வகை ஹாஜிகளிடையே பரவி, பல நாடுகளில் அவர்களுடைய வீட்டாரையும் பற்றியது. போனவர் திடமாகத் திரும்பி வந்தார், வீட்டிலிருந்தவர் நோயில் விழுந்தார். அதன் பிறகே நான்கு வகைக் கிருமிகளுக்கும் சேர்த்த தடுப்பூசி கட்டாயமாயிற்று. பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாக அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி போடாமலே போட்டதாகச் சீட்டு வாங்க நினைப்பவர், தம் பேரப்பிள்ளையின் உயிரை வைத்து விளையாடுகிறார் என்பதை உணரவேண்டும்.

நம் பினாங்கு இந்தப் பயணத்தின் பழைய வாசல். 1970களில் கப்பல் பயணம் முடிவுக்கு வரும்வரை லெபு ஆச்சே பள்ளியைச் சுற்றியுள்ள வீடுகளிலும் கடைகளிலும் ஹாஜிகள் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். 1880ஆம் ஆண்டு சிங்கப்பூரில் புறப்பட்டுப் பினாங்கைத் தொட்டுச் சென்ற ‘ஜெத்தா’ என்னும் கப்பலில் நீர் புகுந்தபோது, தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட ஹாஜிகளை நடுக்கடலில் விட்டுவிட்டுக் கப்பல் தலைவனும் அதிகாரிகளும் படகேறிப் போனார்கள். கப்பல் மூழ்கிவிட்டதென்றும் சொன்னார்கள். ஆனால் அது மூழ்கவில்லை. வேறொரு கப்பலின் உதவியால் ஏடன் வந்து சேர்ந்தது. நம்பி ஏறியவர்களைக் கைவிடுவது எவ்வளவு பெரிய துரோகம் என்பதற்கு அது ஓர் அடையாளம். நோய் இல்லை என்று சொல்லிப் பயணக் கூட்டத்தில் சேர்பவரும், சிறிய அளவில், தம்மை நம்பிய தோழரை இக்கட்டில் விடுகிறார். அரஃபாவில் அவர் மயங்கி விழும்போது, அவருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று தெரியாமல் கூட இருப்பவர் தவிக்க நேரும்.

நிற்க. உடலின் கடனைத் தீர்ப்பது எப்படி? மலேசியாவில் 2023ஆம் ஆண்டு எடுத்த சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இப்போது இருப்பதால், மூன்று நாள் பாகற்காய்ச் சாறு யாரையும் ஏமாற்றாது. பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பே டாக்டரைப் பார்த்து, நாள்தோறும் நடந்து பழகுக. மருந்தைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்க. பெட்டி வழிதவறினாலும் மருந்து தவறாது. இன்சுலின் வெயிலில் கெட்டுவிடும், குளிர்ப் பையில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். சவூதி நேரம் நம் நேரத்துக்கு ஐந்து மணி பின்தங்கியது. ஆகவே ஊசி போடும் வேளையை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்க. செருப்பைப் பள்ளி வாசலில் விடாமல் ஒரு பையிலிட்டுக் கூடவே எடுத்துச் செல்க. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் அருந்துக. இருதய நோயாளியும் சிறுநீரக நோயாளியும் அதன் அளவை டாக்டரிடம் கேட்டறிய வேண்டும். குடை பிடிப்பது இஹ்ராமுக்குத் தடையாகாது.

மருந்தின் பெயர், அளவு, நோய் இவற்றை எழுதிய டாக்டரின் கடிதம் கையில் இருக்கட்டும். சில வலி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அவற்றுக்கு முன்னனுமதி வேண்டும். பிறர் தரும் மருந்துப் பொட்டலத்தை வாங்கிச் செல்வது ஆபத்து. நம் சமையலில் சேரும் கசகசாவும் அந்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள் என்பதை மசாலா கட்டிக் கொடுக்கும் தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டும். அவசர வாகனத்துக்குச் செம்பிறைச் சங்கத்தின் எண் 997. ஹஜ்ஜில் தாபோங் ஹாஜியின் மருத்துவர்கள் உடன் இருக்கிறார்கள். உம்ராவுக்குத் தனி ஏஜெண்டு மூலம் போகிறவருக்கு அத்துணை வசதி இராது. அவர் இன்னும் விழிப்போடு இருக்க வேண்டும்.

கடைசியாக, ஊரில் இருக்கும் நமக்கும் ஒரு பங்கு உண்டு. மருத்துவக் காரணத்தால் பயணம் நின்றுபோன பெரியவரைப் பார்த்து, உங்களுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை போலும் என்று சொல்பவர் நம்மிடையே இல்லையா? அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சியே பலர் நோயை மறைக்கிறார்கள். அவர்களை மறைக்க வைத்த பாவத்தில் நமக்கும் பங்கில்லை என்று சொல்ல முடியுமா? இனி அப்படி ஒருவர் வீட்டுக்கு நாம் முதலில் போவோம். ஹாஜியை வழியனுப்பும் அதே மரியாதையோடு அவர் பக்கத்தில் அமர்ந்து, அவருடைய நிய்யத்தை அல்லாஹ் அறிவான் என்று சொல்லித் துஆச் செய்வோம்.

புறப்படுகிறவரிடமும், எங்களுக்காகத் துஆச் செய்யுங்கள் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், மருந்தெல்லாம் கைப்பையில் இருக்கிறதா, டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்போம். நம் வாப்பாவிடம் அன்று அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம்.

வல்ல ரஹ்மான் நம் ஹாஜிகளைச் சுகமாக அழைத்துச் சென்று, சுகமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பானாக! ஆமீன்.