பக்கத்துப் பள்ளிக்கு ஒரு பயணம்

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் போனால் விளாங்குடி. 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அடுத்த ஊர் பரவை. அதையும் தாண்டினால் சமயநல்லூர். பேருந்தில் சில நிறுத்தங்கள்தான். ஆனால் இந்த ஊர்ப் பிள்ளை அந்த ஊர்ப் பள்ளிக்குள் கால்வைக்க என்ன வாய்ப்பு இருக்கிறது?

தமிழ்நாட்டில் அதற்கென்றே ஒரு பள்ளிப் பரிமாற்றத் திட்டம் நடந்தது. கிராமப்பள்ளி ஒன்றையும் நகரப்பள்ளி ஒன்றையும் இணைத்து, இரு பக்கத்து மாணவர்களையும் மாறி மாறி அழைத்துப்போனார்கள். அரசுப் பள்ளியும் தனியார் பள்ளியும் கைகோக்க வேண்டும் என்று 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆய்வகத்தைச் சுற்றிப்பார்த்து, வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் அது சுற்றுலா.

வட அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டன்ட் பிள்ளைகளும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். பள்ளிகளை ஒன்றாக்குவது லேசில் நடக்காது. அதனால் பள்ளிகள் அப்படியே இருக்க, பாடவேளைகளைப் பகிர்ந்துகொள்ளும் வழியைப் பிடித்தார்கள். 2016-இல் அதற்குச் சட்டமே வந்தது. ஒரே மேசை, ஒரே சோதனைக்குழாய். யார் அமிலத்தை ஊற்றுவது என்று சண்டை வரும், பேச்சும் வரும்!

விளாங்குடி, சமயநல்லூர்த் தலைமையாசிரியர்களே, வரும் கல்வியாண்டில் மாதம் ஒரு அறிவியல் வகுப்பையாவது சேர்ந்து நடத்திப் பாருங்கள். மதியச் சோற்றையும் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்தே சாப்பிடட்டும்.