அழிக்கவும் அதே நேரம் ஆகும்

சேலம் ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ராத்திரியில் பிளாட்பார அறிவிப்புகூடக் கேட்கும். அதனால் இந்த வீட்டில் எதைப் பதிவு செய்தாலும் உள்ளே ஒரு ரயில் வந்துவிடும். என் ஆபீஸ் மீட்டிங்குகளில் வருகிறது. 1969-ல் தாத்தா பதிந்த டேப்பிலும் வருகிறது.

தாத்தா கூட்ஸ் கார்டு. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய யாரிடமோ ஒரு க்ரண்டிக் ஸ்பூல் ரெக்கார்டரை வாங்கி, ரேடியோவில் இலங்கை வானொலி போடும் பாட்டுகளைப் பிடித்துவைப்பார். அவர் போனபின் அது பரணுக்குப் போனது. போன வருஷம் நான்தான் இறக்கினேன்.

இதைப் படித்துவிட்டு யாராவது ஸ்பூல் மிஷின் தேடிக் கிளம்பினால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கிடைத்ததும் பிளக்கில் சொருகாதீர்கள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரேடியோ மெக்கானிக் 60 வாட்ஸ் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் கரண்ட் கொடுத்தார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், மிஷின் தப்பிக்கும். ரப்பர் பெல்ட் தாராக உருகி ஒட்டியிருந்தது. சுரண்டி எடுக்க ஒரு மதியம் போனது. ஹெட்டுகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். டேப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவினால் அசிடேட், சட்டென்று அறுந்துவிடும். வினிகர் வாசம் வந்தால் அது செத்துக்கொண்டிருக்கிறது. இருட்டாகத் தெரிந்தால் பாலியஸ்டர், நம்பி ஓட்டலாம். எங்களுடையது பாலியஸ்டர்.

முக்கியமானது, ரெக்கார்ட் பட்டன் பக்கமே போகாதீர்கள். டேப் ஓடும் திசையில் முதலில் வருவது அழிக்கும் ஹெட், அதற்கு அடுத்துதான் பதியும் ஹெட். அதாவது இந்த மிஷின் எதையும் அழிக்காமல் எதையும் பதியாது. நான் சாஃப்ட்வேர்காரன். 'டெலீட்' என்று ஒரு வரிசையை நாங்கள் அழிப்பதாகச் சொல்வது பெரும்பாலும் அதன் மேல் ஒரு கொடியைக் குத்திவைப்பதுதான், தரவு அப்படியேதான் கிடக்கும். 1928-ல் பிரிட்ஸ் ஃப்ளோய்மர் என்ற ஜெர்மன்காரர் காகித நாடாவில் இரும்புத்தூளை ஒட்டி ஒலியைப் பிடித்தார். அதற்கு முன் சிகரெட் நுனிக்குத் தங்கநிறப் பட்டை ஒட்டும் வித்தையைக் கண்டுபிடித்தவர் அவர். அந்த நாடாவின் வழிவந்த எதிலும் 'அன்டூ' இல்லை.

டேப்பில் பாட்டுகள் ஓடின. பக்கத்து வீட்டுக் கல்யாணத்து நாதஸ்வரம் வந்தது. ஒரு பாட்டு முடிந்த நிசப்தத்தில், மிக மெல்லிசாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு பெண் குரல். நான்கு விநாடி கழித்து அதே குரல் முழு அளவில் வந்தது. இதற்கு மாயம் எதுவும் தேவையில்லை. சுற்றிவைத்த டேப்பில் ஒரு சுற்றின் காந்தம் வருஷக்கணக்கில் அடுத்த சுற்றில் அச்சாகிவிடும். இருந்தாலும் கையில் மயிர் கூச்செறிந்தது. குரல் அப்பாயியுடையது. ஒப்பாரி. 22 நிமிடம்.

அப்பாவுக்கு மூத்த ஒரு பெண் குழந்தை மூன்று வயதில் காய்ச்சலில் போனது என்று தெரியும். அவ்வளவுதான் தெரியும். பாட்டில் அந்தக் குழந்தைக்குப் பெயர் இருந்தது, கொலுசு இருந்தது, அது கேட்டு வாங்கித் தராத பொரி உருண்டை இருந்தது. நடுவில் பாத்திரம் நகரும் சத்தம், ஒரு கூட்ஸ் வண்டி. அப்பாயி அடுப்படியில் தனியாக இருந்திருக்கிறாள். மைக் அடுத்த அறையில் இருந்திருக்க வேண்டும்.

அப்பாயிக்கு இப்போது 84. சந்தோஷப்படுவாள் என்று நினைத்துப் போட்டுக்காட்டினேன். இதை எழுதும்போதே கூசுகிறது. ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை, கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள்.

"உங்க தாத்தா இதைப் புடிச்சு வச்சிருந்தாரா?"

"உங்களுக்குத் தெரியாதா அப்பாயி?"

"அழிச்சுப்போடு கண்ணு."

ஏன் என்று கேட்டேன். குடும்பத்தில் அந்தக் குழந்தைக்கென்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான், ஒரு போட்டோகூட இல்லை என்றேன். "அது அவளுக்குப் பாடுனது. உனக்கில்ல, உங்க தாத்தாவுக்கும் இல்ல" என்றாள்.

ஒரு வாரம் என்னிடமே வாதாடினேன். என் பக்கம் வலுவான சாட்சிகள் இருந்தன. 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். 1965-ல் மறைந்த ஜி.என். பாலசுப்பிரமணியத்தை இன்று நாம் முழுக் கச்சேரியாகக் கேட்க முடிகிறதென்றால் அதில் பெரும் பங்கு ரசிகர்கள் ஸ்பூலில் பிடித்துவைத்தவற்றுக்கு உண்டு. அவர்களில் எத்தனை பேர் பாடகரிடம் சம்மதம் வாங்கியிருப்பார்கள்? அன்று திருட்டாகப் பட்டது இன்று பொக்கிஷம். கேட்காமல் எடுத்தவர்களுக்குத்தான் நன்றி சொல்கிறோம்.

ஆனால் ஜி.என்.பி. ஒரு சபையைப் பார்த்துப் பாடினார். எதிரே ஐந்நூறு காதுகள் இருப்பது தெரிந்தே பாடினார். மைக் ஐந்நூற்று ஒன்றாவது காது. அப்பாயியின் பாட்டுக்கு இருந்த ஒரே காது உயிரோடு இல்லை. இங்கே மைக் கூடுதல் காது இல்லை, கதவிடுக்கு. இந்த வித்தியாசம் போதுமா என்றால், ஒரு ஆராய்ச்சியாளர் போதாது என்பார். எழுத வைக்காத ஒரு தலைமுறைப் பெண்கள் விட்டுப்போனது இந்தப் பாட்டுகள்தான், ஒவ்வொன்றும் காப்பாற்றப்பட வேண்டியது என்பார். சரிதான். ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தி உயிரோடு எதிரே உட்கார்ந்து வேண்டாம் என்கிறாள். அவள் இறக்கும்வரை காத்திருந்துவிட்டுப் பிறகு பொக்கிஷம் என்பதா? தாத்தாவுக்கும் எனக்கும் ஒரு தேதிதான் வித்தியாசம் என்றாகிவிடும்.

அழித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். "வேற எங்கயும் இல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது பொய். முதல் நாளே லேப்டாப்பில் ஒன்று, கிளவுடில் ஒன்று ஏற்றியிருந்தேன், தொழில் பழக்கம். அன்றிரவு இரண்டையும் அழித்தேன். கிளவுடின் குப்பைத்தொட்டி முப்பது நாள் வைத்திருக்கும். அந்த முப்பது நாளில் இரண்டு முறை அந்தப் பக்கம்வரை போய்த் திரும்பினேன். இப்போது அங்கேயும் இல்லை.

டேப்பை அழிப்பது வேறு மாதிரி. விநாடிக்கு 9.5 சென்டிமீட்டர் வேகத்தில் 22 நிமிடம், சுமார் 125 மீட்டர், அழிக்கும் ஹெட்டைத் தொட்டுக்கொண்டு ஓட வேண்டும். பாட எடுத்த நேரமேதான் அழிக்கவும். அப்பாயி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நாங்கள் பேசவில்லை. பாதியில் ஒரு வண்டி ஹார்ன் அடித்தது. மிஷினில் ஒலி அளவு காட்டும் பச்சைக் கண் ஒன்று உண்டு. அது சுருங்கி விரிந்தது.

மைக் சொருகியிருந்தது. லெவலைக் குறைக்காமலேயே ரெக்கார்டை அழுத்தியிருக்கிறேன். கை எட்டும் தூரத்தில்தான் அந்தத் திருகு இருந்தது. நான் கையை நீட்டவில்லை.

ஆக இப்போது அந்த 125 மீட்டரில் அப்பாயி மூச்சு விடுவதும், நாற்காலி கிரீச்சிடுவதும், ஒரு ரயிலும் இருக்கின்றன. அவளைக் கேட்காமல் பதிந்ததுதான் இதுவும். அதற்கு முன்னால், நாங்கள் தொடாத பகுதியில், அந்த நான்கு விநாடிக் கிணற்றுக் குரலும் அப்படியே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன், கிளவுடையும் சேர்த்து. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

"இதையும் அழிச்சா அதையும் புடிச்சுக்குமாடா அது?"

மைக்கைக் கழற்றிவிட்டால் பிடிக்காது என்றேன்.

"அப்பக் கழட்டு. நான் முறுக்கு சுத்தணும், நீயே உக்காந்து அழி."