மேட்டுக்கு மேலே ஆகும், கீழே ஆகாதா?

மழையால் தோட்ட ஜீப்புகள் ஓடாத ஒரு வெள்ளிக்கிழமை. தேவாரத்தில் ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்த நம்மை, ஏலத்தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து மடித்த கேரளப் பரிசுச் சீட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"ஹஜ்ரத், கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் இதை சர்க்காரே விற்கிறது. இந்தப் பக்கம் விற்றால் போலீஸ் பிடிக்கிறது. ஒரே சீட்டு மேலே நல்லது, கீழே கெட்டதா? விழுந்தால் பாதியைப் பள்ளிவாசல் கூரைக்கே தந்து விடுகிறேன்" என்றார்.

"ஹராம்" என்ற ஒரே சொல்லில் நாம் முடித்திருக்கலாம். ஆனால் அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. மனம் உறுத்தியே கேட்டார். ஆகவே விரிவாகப் பார்ப்போம்.

கேரளத்தில் 1967-இல், பி. கே. குஞ்ஞு சாகிப் நிதியமைச்சராயிருந்தபோது, அரசே பரிசுச் சீட்டுத் துறையைத் தொடங்கியது. முதல் சீட்டின் விலை ஒரு ரூபாய். முதல் பரிசு 50,000 ரூபாய். தமிழ்நாட்டிலும் 1968-இல், அண்ணா முதல்வராயிருந்தபோது, அரசுச் சீட்டு வந்தது. பின்னர் குடும்பங்கள் சீரழிவதைக் கண்டு 2003-இல் இங்கே எல்லாப் பரிசுச் சீட்டுகளும் தடை செய்யப்பட்டன. ஆக, நாட்டுச் சட்டம் மலைக்கு மலை மாறும். ஆண்டுக்கு ஆண்டும் மாறும். அது அனுமதித்து விட்டதனால் மட்டும் ஒரு செயல் நல்லதாகி விடாது.

"நன்மையே இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. கேரள அரசு காருண்யா சீட்டின் வருவாயைக் கொண்டு ஏழைகளின் புற்றுநோய், இருதய, சிறுநீரகச் சிகிச்சைக்கு உதவியிருக்கிறது. உடல் ஊனமுற்றோர் பலர் சீட்டு விற்றே பிழைக்கிறார்கள். இவற்றை மறைத்துப் பேசுவது நீதியாகாது. திருமறையும் மறைக்கவில்லை. மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டென்றும், ஆனால் அவற்றின் பாவமே பெரிதென்றும் அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனம் உணர்த்துகிறது.

அந்தப் 'பயன்' எது? அறியாமைக் கால அரபிகள் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, அம்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். வெறும் அம்பு வந்தவர் ஒட்டகத்தின் விலையைக் கொடுப்பார். வென்றவரோ இறைச்சியை வீட்டுக்குக் கொண்டு செல்லாமல் ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை கொள்வார். இதில் சேராதவனைக் கஞ்சன் என்று இகழ்வார்கள். தஃப்ஸீர் ஆசிரியர்கள் இதை விவரித்துள்ளார்கள். சிந்தியுங்கள்! ஏழைக்கு இறைச்சி கிடைத்த சூதைத்தான் அல்லாஹ் தடுத்தான். தர்மம் சேர்ந்து விட்டால் சூது தூய்மையாகி விடும் என்றால், முதலில் அதுவல்லவா அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும்?

அங்கேனும் விலை கொடுத்தவர் ஒட்டகம் வாங்க வசதியுள்ளவர். இங்கே கொடுப்பவர் யார்? நம் பெரியவர் வாரம் நான்கு சீட்டு வாங்குகிறார். சீட்டு 50 ரூபாய் என்றால் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல். ஏழைக்கு வைத்தியம் செய்ய இன்னோர் ஏழையின் கூலியைச் சிறுகச் சிறுக எடுப்பது எப்படித் தர்மமாகும்?

இதன் தீங்கை நடத்துகிறவர்களே அறிவார்கள். சிங்கப்பூரில் 2010-இல் இரண்டு சூதாட்ட விடுதிகளைத் திறந்தார்கள். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணமில்லை. சொந்தக் குடிமக்களுக்கோ இன்று ஒரு நாளுக்கு 150 வெள்ளி. கோவாவில் 2020 பிப்ரவரியிலிருந்து உள்ளூர் மக்கள் அந்த விடுதிகளில் நுழையவே தடை. ஊருக்கு நன்மை என்றால், ஊராரை வாசலில் நிறுத்துவானேன்?

"ஏலக்காய் வியாபாரமும் சூதுதானே? 2019-இல் கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்ட காய், பிறகு ஆயிரத்துக்கும் கீழே போயிற்றே!" என்றும் சிலர் வாதிடுவர். நட்டம் வரக்கூடும் என்பதால் மட்டும் ஒன்று சூதாகி விடாது. போடி ஏல மையத்தில் காய் கைமாறுகிறது. வாங்கியவருக்குப் பொருள், விற்றவருக்குப் பணம். நட்டவரும் எடுத்தவரும் அதனால் பிழைக்கிறார்கள். சீட்டிலோ எதுவும் விளையவில்லை. ஒருவர் பெறுவது முழுவதும் மற்றவர்கள் இழந்தது.

பகைமையை மூட்டி, இறைநினைவையும் தொழுகையையும் தடுக்கவே ஷைத்தான் சூதை விரும்புகிறான் என்று அல்மாயிதா அத்தியாயம் எச்சரிக்கிறது. அந்தச் சீட்டை மனைவி காணாமல் ஒளித்து வைத்திருப்பதாகப் பெரியவரே சொன்னார். பகைமையின் வித்து அங்கேயே விழுந்து விட்டதல்லவா?

பள்ளிவாசலுக்குப் பாதி தருவதாகச் சொன்னாரே! அல்லாஹ் தூயவன், தூயதையே ஏற்பான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. கூரை ஒழுகினாலும் அந்தப் பணம் வேண்டாம் என்றோம்.

அப்போது அவர் தலைகுனிந்தபடி, "மகளுக்கு மாப்பிள்ளை வீட்டில் கைக்கூலி கேட்கிறார்கள், ஹஜ்ரத். கூலியில் மிச்சம் பிடித்து எந்தக் காலத்தில் சேர்ப்பது?" என்றார்.

நமக்குப் பதில் வரவில்லை. சகோதரர்களே! கைக்கூலி கேட்டவரும் அன்று நம் ஸஃப்பில் நின்று தொழுதவர்தாம். மழைக்காலத்தில் வேலையற்றிருந்தவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க நம் ஜமாஅத்தில் யாரும் முன்வரவில்லை. ஏழைக்கு எல்லாக் கதவையும் அடைத்து விட்டு, அவர் சீட்டுக் கடையின் கதவைத் தட்டும்போது மட்டும் ஃபத்வா சொல்கிறோம். சூது ஹராம், அதில் ஐயமில்லை. அதை நோக்கி அவரைத் தள்ளிய குற்றத்துக்கு நாளை மறுமையில் நாம் என்ன சொல்லப் போகிறோம்?

பெரியவர் சீட்டைக் கிழித்துப் போட்டார். ஜகாத் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் நம் ஊரில் இல்லாமலில்லை. கைக்கூலி வாங்கும் நிக்காஹ்வுக்கு வர மாட்டோம் என்று ஜமாஅத்தார் கூடித் தீர்மானிப்பதும் இயலாத காரியமன்று. இனிச் செய்ய வேண்டியது நம் கையில்தான் இருக்கிறது.

ஹலாலான உழைப்பிலேயே நமக்குப் போதுமானதை அளித்து, பிறர் துயர் துடைக்கும் மனத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.