மூலவோலையும் படியோலையும்

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருவரங்குளத்தில், ஹரதீர்த்தேசுவரர் கோயிலின் சுவர்களில் சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929இல் வெளியிட்ட சாசனத் தொகுப்பில் அவ்வூர்ச் சாசனங்களும் அச்சேறின. நிலக்கொடையும் விற்பனையும் ஓலையில் எழுதப்பட்ட பிறகே கல்லில் வெட்டப்படுவது அக்கால வழக்கமாதலால், இன்று மூலம் என மதிக்கப்படும் கல்லெழுத்தே பெரும்பாலும் ஒரு படிதான். திருமழபாடியில் முதலாம் ராஜராஜன் காலத்தில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முற்பட்டபோது, பழைய கல்வெட்டுகள் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டு, ராஜேந்திரன் காலத்தில் மறுபடியும் கல்லேறின. எந்தப் படி அசலுக்கு நிகர் என்னும் அதே கேள்வியை, சிவில் வழக்குகளில் மின்னஞ்சலும் கணக்குக் கோப்புகளும் சான்றாக வரும்போது நீதிமன்றங்கள் எதிர்கொள்கின்றன.

இக்கேள்வியைத் தமிழில் மிகக் கூர்மையாக எழுப்பிய வழக்கு, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய தடுத்தாட்கொண்ட புராணத்தில் இருக்கிறது. மணப்பந்தலுக்கு முதியவர் கொண்டுவந்த அடிமை ஓலையை நம்பியாரூரர் பறித்துக் கிழித்துவிட, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையோர் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றை, அதாவது நெடுநாள் அனுபவத்தையோ எழுத்தையோ நேரில் அறிந்தோர் சாட்சியத்தையோ, காட்டும்படி கேட்கின்றனர். கிழிபட்டது படியோலை என்று சொல்லி முதியவர் மூலவோலையை நீட்ட, ஊர்க் கணக்கரான கரணத்தான் அதைப் படிக்க, அதை எழுதிக்கொடுத்த ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலை வரவழைக்கப்பட்டு எழுத்தோடு எழுத்து ஒப்பிடப்படுகிறது. எழுத்து ஒத்தது, ஆரூரர் தோற்றார். ஆயினும் எழுதிக்கொடுத்த பாட்டனார் விசாரிக்கப்பட அங்கே இல்லை. இவ்வளவு கவனமான சபை, வாதியின் வீடு எது என்று கேட்டதே தீர்ப்புக்குப் பின்புதான்.

இன்றைய கணினித் தடயவியல் ஆய்வாளர் கோப்பை நேராகத் திறப்பதில்லை. படிக்க மட்டும் விட்டு எழுதவிடாமல் தடுக்கும் கருவியை இடையில் பொருத்தி, அழிக்கப்பட்டும் தட்டில் எஞ்சியிருக்கும் தடங்கள் உட்பட வன்தட்டு முழுவதையும் பிட் பிட்டாகப் படியெடுத்து, அசல், படி இரண்டுக்கும் ஹேஷ் மதிப்பைக் கணக்கிடுகிறார். இது தரவிலிருந்து கணித முறையில் பெறப்படும் நிலையான நீளமுள்ள எண், ஒரு காற்புள்ளி மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, மின்னணுப் பதிவு ஒரே வேளையிலோ அடுத்தடுத்தோ பல கோப்புகளில் சேமிக்கப்பட்டால் ஒவ்வொரு கோப்பும் முதனிலைச் சான்றே என்கிறது. ஓலைக்காலத்து வேற்றுமை இங்கே ஏறக்குறைய கரைந்துவிடுகிறது. எனினும் 63ஆம் பிரிவு ஹேஷ் மதிப்போடு கையொப்பமிட்ட சான்றிதழையும் கேட்கிறது. (அதன் படிவம், வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே மதிப்பை உண்டாக்க முடியும் என்று முன்பே நிறுவப்பட்டுவிட்ட எம்.டி.5, எஸ்.எச்.ஏ-1 முறைகளையும் இன்னும் ஏற்பது வியப்புக்குரியது.) பழைய சட்டத்தின் 65பி பிரிவு பற்றிய அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில், அசல் கருவியையே முன்வைத்தாலன்றி இச்சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜூலை 14 அன்று தீர்ப்பளித்தது.

எண்ணே போதுமானதாகத் தோன்றும்போது கையொப்பம் எதற்கு என்பதற்கு, சைவ சித்தாந்தம் அறிவின் அளவைகளாகக் கொள்ளும் காண்டல், கருதல், உரை ஆகிய மூன்றும் விளக்கம் தருகின்றன. மதிப்புகள் ஒத்திருப்பதால் இடையில் எதுவும் மாறவில்லை என முடிவுகட்டுவது கருதல், அதாவது அனுமானம். படியெடுப்பதற்கு முன் கோப்பு திருத்தப்பட்டதா, அதைத் தட்டச்சு செய்தவர் யார் என்பவை அந்த அனுமானத்துக்கு எட்டாதவை. பொய்க்கணக்கைப் படியெடுத்தாலும் மதிப்பு அச்சொட்டாகப் பொருந்தும். ஆரூரருக்கு அந்த இடைவெளியை நிரப்பியது ஓலையன்று, முதியவரைத் தொடர்ந்து அவ்வூர்க் கோயிலான திருவருட்டுறைக்குச் சென்றபின் சிவபெருமானை விடைமேல் கண்ட காட்சி. அத்தகைய காண்டல், அதாவது நேரில் காண்பது, வாய்க்காத நீதிமன்றம் உரையையே, அதாவது நம்பத்தக்கவர் சொல்லையே, நாடுகிறது. அதனால்தான் சான்றிதழில், பொய்யென்று தெரிந்தால் கூண்டிலேற்றிக் கேள்வி கேட்கத்தக்க ஒருவரின் பெயரை எதிர்பார்க்கிறது.