விரும்பி நனைந்த மழை

பென்சில்வேனியாவின் டஸ்கரோரா மலையிலிருந்து இறங்கும் சாலையோரத்தில், செப்டம்பர் மாதத்துத் திங்கட்கிழமைக் காலை ஒன்றில், காற்றிறங்கிய பின்சக்கரத்தின் முன் குந்தியிருந்தேன். மழை விட்டபாடில்லை. சனிக்கிழமை நியூஜெர்சியின் எடிசனிலிருந்து கிளம்பிய இரண்டு மோட்டார் சைக்கிள்களில் என்னுடையது லங்காஸ்டர் அருகிலேயே ஆணி ஏற்றிக்கொண்டது. டயரில் ரப்பர் திரியைச் செருகி ஒப்பேற்றினோம். ஞாயிறு முழுவதும் பெட்ஃபோர்டில் ஒரு விடுதியின் சன்னலோரம் மழையைப் பார்த்தபடி கழிந்தது. திங்கள் காலை திரும்பும் வழியில், வளைவொன்றில் வண்டி இடுப்பை நெளித்தது. இறங்கிப் பார்த்தால், செருகிய திரி பாதி வெளியே வந்திருந்தது. அதன் ஓரத்தில் குமிழிகள் ஒவ்வொன்றாகப் பூத்து உடைந்துகொண்டிருந்தன. நம் ஊர்ப் பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கித் தேடுகிற அந்தக் குமிழியை இங்கே மழையே காட்டிக்கொடுத்தது.

"ஒட்டுனது நிக்கலல்லா" என்றார் உடன் வந்த அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு ஸ்டெப்னி கிடையாது. இழுவை வண்டிக்குச் சொல்லிவிட்டு நின்றோம்.

அந்த நேரம் பார்த்து அம்மா அழைத்தாள். பட்டுக்கோட்டையில் விளக்கேற்றி முடித்திருக்கும் வேளை. மழைச் சத்தம் போனில் கேட்டிருக்கவேண்டும். விஷயத்தைச் சொன்னதும் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ஏம்ப்பா, காரு இருக்கு, வீடு இருக்கு. இதெல்லாம் தேவையா உனக்கு?" என்றாள்.

கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். கேள்வி என்னோடு சாலையோரத்திலேயே நின்றுவிட்டது.

தேவை என்பது அம்மாவின் தலைமுறை எல்லாவற்றுக்கும் நீட்டிப் பார்த்த முழக்கோல். புடவை, பயணம், படிப்பு, மருந்து, எதுவானாலும் அந்தக் கோலுக்குள் அடங்கினால் உண்டு, அடங்காவிட்டால் இல்லை. நாமோ அந்தக் கோலை எப்போதோ தொலைத்துவிட்டோம். எடிசனில் ஓக் ட்ரீ சாலைக்குப் போனால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கின்றன. பனிக்காலத்தில் சுவரில் ஒரு பொத்தானைத் திருகினால் வீடு வெதுவெதுக்கிறது. வெயிலையும் குளிரையும் பசியையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கத்தான் கடல் தாண்டி வந்து இத்தனை ஆண்டுகள் உழைத்தோம். நிறுத்தியும் வைத்துவிட்டோம். அதன்பின் ஒரு நீண்ட வார இறுதி வாய்த்தால், வெளியே நிறுத்திய அதே வெயிலையும் மழையையும் தேடி, பணம் கொடுத்து வாங்கிய வண்டியில் ஏறிப் புறப்படுகிறோம். இது என்ன விசித்திரம்?

விசித்திரம் நம்மோடு பிறந்ததில்லை. எங்கள் எடிசனை ஊடுருவிச் செல்லும் 27-ஆம் எண் சாலை, 1913-இல் அறிவிக்கப்பட்ட லிங்கன் நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் தொடங்கி சான் பிரான்சிஸ்கோவில் முடிந்த அந்தப் பாதையின் பெரும்பகுதி அன்று வெறும் மண். மழை பெய்தால் சேறு. சாலை அறிவிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத 1915 மே மாதத்தில், புரூக்ளினிலிருந்து எஃபி ஹாட்ச்கிஸ் என்ற இளம்பெண் ஹார்லி-டேவிட்சன் வண்டியின் பக்கத்தொட்டியில் தன் தாய் ஏவிஸை உட்கார வைத்துக்கொண்டு மேற்குக் கரைக்குப் புறப்பட்டாள். வழியில் ஓரிடத்தில் மாற்று டியூப்கள் எல்லாம் தீர்ந்துபோயின. எஃபி ஒரு கம்பளியைக் கிழித்துச் சுருட்டி, டயருக்குள் திணித்து, மேற்கொண்டு ஓட்டினாள். ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்து அங்கே நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சியையும் இருவரும் பார்த்தார்கள். அட்லாண்டிக் கடலிலிருந்து கொண்டுபோன தண்ணீரைப் பசிபிக்கில் ஊற்றினார்களாம். காசிக்குப் போகும்போது ராமேசுவரம் மணலையும் திரும்பும்போது கங்கை நீரையும் நினைக்கிற நமக்கு அந்தச் செய்கை புரியாமல் போகாது. எனக்கு அதில் பிடித்தது வேறு. "தேவையா" என்று கேட்கக்கூடிய அந்த ஒரே ஆளையே பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போனாள் பாருங்கள், அதுதான்.

அதே ஆண்டு அக்டோபரில் அதே கண்காட்சிக்கு எங்கள் ஊருக்குப் பெயர் தந்த தாமஸ் எடிசனும் வந்தார். கூடவே ஹென்றி ஃபோர்டு, டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன். பேட்டரியில் எரியும் மின்விளக்கு, சமையற்காரர், சாமான் ஏற்றிய லாரிகள் சகிதம் இந்த மூவரும் பிற்பாடு பல கோடைகளில் காட்டில் கூடாரமடித்துத் தங்கி, தம்மை நாடோடிகள் என்று அழைத்துக்கொண்டார்கள். நாடோடிக்கு எதற்குச் சமையற்காரர் என்று நாம் சிரிக்கலாம். ஆனால் என் பெட்டியில் மழைக்கோட்டும் கடன் அட்டையும் இழுவை வண்டிக்கான காப்பீடும் இருந்தன. அளவில்தான் வித்தியாசம்.

அந்தக் கூடாரத்து நெருப்பைச் சுற்றிப் பேசப்பட்டவற்றுள் ஒன்று ரப்பர். 1876-இல் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கைக்கும் மலாயாவுக்கும் போய், அரை நூற்றாண்டுக்குள் காடுகாடாக வளர்ந்துவிட்டிருந்தன. உலகத்தின் சக்கரங்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அந்த மரங்களின் பாலை நம்பியே உருண்டன. 1922-இல் விலையைத் தூக்கி நிறுத்த பிரிட்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது அமெரிக்க முதலாளிகள் பதறினார்கள். ஃபயர்ஸ்டோன் லைபீரியாவுக்குப் போனார். ஃபோர்டு அமேசான் காட்டில் ஊரே கட்டினார். எண்பதாவது வயதில் எடிசன் அமெரிக்க மண்ணிலேயே விளையக்கூடிய ரப்பரைத் தேடி 17,000 தாவர மாதிரிகளுக்கு மேல் சோதித்து, கடைசியில் கோல்டன்ராட் என்ற காட்டுச்செடியில் வந்து நின்றார். 1931 அக்டோபரில் இறக்கும்வரை அந்த ஆராய்ச்சி அவரை விடவில்லை. நியூஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் செப்டம்பர் வந்தால் சாலையோரமெங்கும் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கிற செடி அது. என் வண்டி படுத்துக்கிடந்த இடத்திலும் முழங்கால் உயரத்துக்கு நின்று மழையில் தலையாட்டிக்கொண்டிருந்தது. ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தேன். பால் கசியவில்லை. அதன் ரப்பர் இலைக்குள் ஒளிந்திருக்கும். அரைத்துப் பிரித்தால்தான் கிட்டும். மலாயாவின் மரமோ கீறியவுடன் கொடுத்துவிடும்.

கீறிய கைகளில் ஒரு ஜோடி எங்கள் வீட்டுக் கைகள்.

அம்மாவின் தாத்தா 1920-களில் கங்காணியிடம் முன்பணம் வாங்கி, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். பொழுது விடியுமுன்பே மரத்துக்கு மரம் ஓடி, பட்டையைச் சாய்வாகச் சீவி, மங்கு எனும் கிண்ணத்தைப் பொருத்தி வைத்துவிட்டு, வெயில் ஏறியதும் வாளியோடு மறுபடி ஓடிப் பால் சேர்க்கவேண்டும். அந்த வேலைக்கு முதல் எதிரி மழை. பட்டை நனைந்தால் பால் கோட்டில் ஓடாது; மரமெங்கும் பரவி வீணாய்ப் போகும். மங்கில் விழுந்ததும் மழைத்தண்ணீரோடு கலந்துவிடும். ஆகவே விடிகாலை மழை என்றால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. பெருமந்தக் காலத்தில் உலகச் சந்தையில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கான தமிழர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவரும் அப்படித் திரும்பியவர்களில் ஒருவர். மலாயாவைப் பற்றி வாய் திறந்ததே இல்லை என்பாள் அம்மா. ஆனால் ஒன்று சொல்லுவாள். எங்கள் பக்கத்தில் வானம் கறுத்தால் ஊரே சிரிக்கும். நாற்றங்கால் போட்டவன் தெருவில் நின்று நனைவான். விடிகாலையில் மழைச் சத்தம் கேட்டால் இவர் மட்டும் திண்ணையில் எழுந்து உட்கார்ந்து முகம் சுண்டிப்போய் இருப்பாராம். சொந்த மண்ணுக்கு வந்து முப்பது ஆண்டு ஆன பிறகும்.

அவர் உட்கார்ந்திருந்த திண்ணையையும் நான் குந்தியிருந்த சாலையோரத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இரண்டு இடத்திலும் மழை. இரண்டு இடத்திலும் ரப்பர். உடம்பு பட்ட பாட்டை மட்டும் தராசில் வைத்தால், குளிரில் விறைத்த என் விரல்களும் ஏதோ கொஞ்சம் எடை காட்டும். ஆனால் ஊர் திரும்பியதும் நான் இந்த மழையை நண்பர்களிடம் ஆறு மாதம் சொல்லித் தீர்ப்பேன். ஒவ்வொரு தடவையும் மழை கொஞ்சம் கனக்கும், மலை கொஞ்சம் உயரும். அவரோ அவருடைய மழையை ஒருவரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். ஒரு துன்பம் கதையாகவும் இன்னொன்று மௌனமாகவும் உறைவது எதனால்?

துன்பத்தை அளக்க அதன் ஆழம் மட்டும் போதாது என்று தோன்றுகிறது. வெளியேறும் வாசல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே அளக்கவேண்டும். வாசல் திறந்திருக்கிறது என்று அறிந்தவன் எத்தனை இடர்ப்பட்டாலும் அவனுக்குள் ஒருவன் ஒதுங்கி நின்று அந்த இடரை வேடிக்கை பார்க்கிறான். பின்னாளில் அவனே கதைசொல்லி ஆகிறான். வாசல் இல்லாத இடத்தில் ஒதுங்கி நிற்க இடமில்லை, ஆகையால் அங்கே வேடிக்கை பார்க்கிறவனும் பிறப்பதில்லை, கதையும் பிறப்பதில்லை. நாம் தேடிப்போய்ப் படுகிற கஷ்டங்கள், அவை மலையேற்றமானாலும் விரதமானாலும் தொலைதூரப் பயணமானாலும், பண்படுத்துகின்றன என்பது மெய். ஆனால் அந்தப் பண்பாட்டை விலை கொடுத்து வாங்க நமக்கு முடிவது, தேடாமலேயே கஷ்டம் வந்து சேர்ந்த எத்தனையோ பேரின் முதுகின் மேல் நம் சாலையும் சக்கரமும் விடுமுறையும் போடப்பட்டிருப்பதால்தான் என்பதும் அதே அளவுக்கு மெய். ஒரு டயர் ஓர் உள்ளங்கை அளவே தரையைத் தொடுகிறது. அந்த அளவு இடத்தில் யாருடைய உள்ளங்கை இருக்கிறது என்று நாம் குனிந்து பார்ப்பதில்லை.

இதைச் சொல்லிவிட்டு எளிதாகத் தப்பிவிட முடியவில்லை. தேர்ந்தெடுத்தவன், திணிக்கப்பட்டவன் என்று கோடு கிழித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். ஆனால் நாகப்பட்டினத்தில் அதிகாரி முன் நின்று "சம்மதம்தானா" என்ற கேள்விக்கு அவரும் ஆம் என்றுதான் தலையாட்டியிருப்பார். சென்னையில் ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்துக் கண்ணாடிச் சன்னலின் முன் நானும் அப்படித்தான் தலையாட்டினேன். வேலை போனால் அறுபது நாளில் வேறு வேலையோ விமானமோ பார்த்தாகவேண்டும் என்ற விதிக்குக் கீழேதான் நானும் பல ஆண்டுகள் இந்த ஊரில் வெதுவெதுப்பாக வாழ்ந்தேன். வாசல் என்பது திறந்தோ மூடியோ மட்டும் இருப்பதில்லை. சிலருக்கு அது ஒருக்களித்தபடியே கிடக்கிறது. எந்தப் பக்கம் காற்றடிக்கும் என்று பார்த்தபடியே ஒரு வாழ்நாள் போய்விடுகிறது. அவரது ஆமும் என்னுடைய ஆமும் ஒன்றென்று சொன்னால் அவருக்கு இழைக்கும் அநீதி. முற்றிலும் வேறென்று சொன்னாலோ, அவர் கூடவே கப்பலேறிய அந்தச் சிறு விருப்பத்தையும், புது நாட்டைப் பார்க்கப்போகும் ஓர் இளைஞனின் ஆவலையும் நான் பறித்துக்கொள்கிறேன். அவருக்கும் அது இருந்திருக்கும். பாவப்பட்டவர் என்று ஒரே சொல்லில் ஒருவரை மூடிவைப்பதும் ஒருவகை மறதிதான்.

இழுவை வண்டி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஓட்டி வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். தோளில் கிழிந்த மழைக்கோட்டின் மேல் டேப் ஒட்டியிருந்தார். அன்று தொழிலாளர் தினம். செப்டம்பர் முதல் திங்கள். உழைப்பவர்களுக்காக நாடே விடுமுறை எடுத்துக்கொண்ட நாள். அதனால்தான் நாங்கள் ஊர் சுற்ற வந்தோம், அதனால்தான் வழியில் கடைகள் எல்லாம் பூட்டிக்கிடந்தன, அதனால்தான் அவருக்கும் அன்று ஓயாத வேலை. நனைந்த தார்ச்சாலையில் மல்லாந்து படுத்து வண்டியின் அடியில் பட்டையைக் கோத்தார். அண்ணாச்சி கைப்பிடியைச் சாயாமல் பிடித்துக்கொண்டார். காலையிலும் மப்பு அடர்ந்து இருட்டிக்கிடந்ததால் நான் டார்ச் அடித்தேன்.

முடித்து எழுந்து முகத்தைத் துடைத்தவர், ஜாலியாகப் போனதா என்று கேட்டார். கேலி இல்லை, மெய்யாகவே கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் அவர் போன் அடித்தது. அடுத்த வளைவுக்கு அப்பால் இன்னொரு வண்டி நிற்கிறதாம். எங்களை இறக்கிவிட்டு அங்கே போகவேண்டும் என்றார். வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.