சாணம் யாருடையது?

மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்துக் காற்றுப் புகாத குழியில் விட்டால், அது புளித்து அடுப்பெரிக்கும் வாயுவைத் தருகிறது. மிஞ்சும் குழம்போ நல்ல எரு. காதி கிராமத் தொழில் கமிஷன் 1960-களிலிருந்தே இந்தக் கோபர் காஸைப் பரப்பி வந்தது. 2018-ல் மத்திய அரசும் "கோபர்தன்" என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. அடுப்புப் புகையில் கண் எரியும் தாய்மாருக்கு இது பெரிய உபகாரம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் கணக்கைச் சற்றுப் பாருங்கள். 1 கன மீட்டர் வாயுவுக்குச் சுமார் 25 கிலோ சாணம் வேண்டும். ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 2 கன மீட்டர். அதாவது 50 கிலோ, நாலைந்து மாடுகளின் சாணம். கூலிக்காரி வீட்டில் அத்தனை மாட்டுக்கு எங்கே போவது? அவள் கூடையுடன் மேய்ச்சல் தரையெல்லாம் நடந்து, கிடைத்ததைப் பொறுக்கி, வரட்டி தட்டி உலை வைப்பவள். குழி தோண்டியபின் மாட்டுக்காரர், "இனி அதைத் தொடாதே" என்கிறார். அவர் திருடவில்லை, தம்முடையதைத் தாம் வைத்துக்கொள்கிறார். எனினும் அவள் அடுப்பு அணைந்துபோகிறது. 1970-களிலேயே இந்த ஆட்சேபம் எழுந்ததுண்டு.

சர்க்கரை ஆலைகளில் மொலாசஸிலிருந்து எத்தனால் இறக்கியபின் மிஞ்சும் கழிவுநீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆற்றில் விட்டால் மீன் சாகும். வாயுவாக்கிக் கொதிகலனில் எரித்தால் எந்த ஏழையின் பங்கும் குறையாது. சாணம் அப்படியா? உடையவர் அதைக் கழிவென்று எண்ணியிருந்த காலத்திலேயே ஏழைக்கு அது விறகு. அறுப்பு முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்க வருபவளை நல்ல மிராசுதார் விரட்டுவாரா? கதிரும் அவருடையதுதானே!

அப்படியானால் குழியே வேண்டாமா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்வது பேதைமை. 2020-ல் சத்தீஸ்கர் அரசு கிலோ 2 ரூபாய்க்குச் சாணம் வாங்கத் தொடங்கியபோது, மாடில்லாத கூலியாட்களும் பொறுக்கிக் கொண்டுவந்து விற்றார்கள். பொறுக்குபவளுக்கும் பங்குண்டென்று அங்கே ஒப்புக்கொண்டார்கள் அல்லவா? அரசாங்கம் வருமட்டும் நாம் காத்திருக்க வேண்டியதுமில்லை. தொழுவத்தில் விழுவது உங்கள் குழிக்குப் போகட்டும். பொது மேய்ச்சலில் விழுவதில் அவள் எடுப்பது நாளைக்கு ஒரு கூடை, 5 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். 50-ல் 5 குறைந்தால் உங்கள் அடுப்பு எத்தனை நிமிஷம் முன்னதாக அணையும்?